எடைக்காரர்

முப்பத்தொரு வருஷம் வார்டோ துறைமுகத்தில்
மீன் எடை போட்டவர் என் கணவர்.
பெட்டி தராசில் ஏறியதும்
ஐஸைக் கழிப்பார், தண்ணீரைக் கழிப்பார்,
மீனை மட்டும் சொல்வார்.
படகுக்காரர்கள் திட்டுவார்கள்.
திட்டிவிட்டு
மறுநாளும் ஹெர்லைஃபிடமே வருவார்கள்.

இப்போது காலை ஏழு மணிக்கு
குளியலறைத் தராசில் அவரே ஏறுகிறார்,
சிறுநீர் போன பின், காப்பிக்கு முன்,
உள்ளாடையோடு.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில்
எண்பத்து நாலு புள்ளி இரண்டு.

மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால்
கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தாள்
கிர்க்கெனெஸ் ஆஸ்பத்திரி நர்ஸ் மாரெத்.
அது சதை இல்லை, தண்ணீர்.
முதலில் கணுக்கால், பிறகு வயிறு,
பிறகு ராத்திரி மூச்சு.

எங்கள் மொழியில் இந்த நோயின் பெயருக்குள்
கைவிடுதல் என்கிற சொல் இருக்கிறது.
டாக்டர் அதைச் சொன்ன அன்று
இவர் கேட்டார்:
யார், யாரை?

திரையில் பார்த்தோம்.
நனைந்த கையுறைக்குள் யாரோ
விரலை மடக்கப் பார்ப்பதுபோல் இருந்தது.
நூற்றுக்கு இருபத்தெட்டு, என்றார் டாக்டர்.
நல்ல இதயமே அறுபதுதான் தள்ளும்,
நூறோடு ஒப்பிடாதீர்கள்.
வீடு வரும் வழியெல்லாம் நான் ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

மாத்திரைகள் வந்தன.
துடிப்பைத் தணிக்கிற ஒன்றைக் கால்வாசியில் தொடங்கி
மாதக்கணக்கில் ஏற்றினார்கள்.
சர்க்கரைக்காரர்களுக்கென்று வந்த ஒன்று
இதயத்துக்கும் ஆகும் என்று பிற்பாடு தெரிந்ததாம்.
அதற்கு இவர் தலையாட்டினார்,
வலையில் தெரியாமல் விழுந்த நல்ல மீனைப் பார்ப்பதுபோல்.
ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், சூப்பும் கணக்கு.
உப்பில்லாத உருளைக்கிழங்கை மட்டும்
குப்பைக்கு என்றார்.

தண்ணீர் மாத்திரைதான் தகராறு.
போட்டால் இரண்டு மணி நேரம்
கழிப்பறைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.
ஆஸ்லௌகை அடக்கம் செய்த அன்று
சர்ச்சில் எழுந்து எழுந்து போக வெட்கப்பட்டு
மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
அங்கே உப்புக்கண்டம் பரிமாறினார்கள்.
உப்பைத் தின்றவர் தண்ணீர் குடித்தார்.
மறுநாளும் மாத்திரை பையிலேயே இருந்தது.
அதற்கு மறுநாளும்.

எனக்கு மூன்றாவது தலையணைதான் சொன்னது.
விளக்கைப் போட்டு, சாக்ஸைக் கழற்றி,
முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன்.
விரலை எடுத்தேன்.
குழி அப்படியே நின்றது,
ஈரப்பனியில் பூட்ஸ் தடம்போல.

ஏறு, என்றேன்.
இந்த நேரத்திலா, என்றார்.
ஏறு.

எண்பத்தேழு புள்ளி ஒன்று.
தாளில் அன்று காலைக்கும் எண்பத்து நாலு புள்ளி இரண்டுதான்.

நூறு கிராம்கூடக் கூட்டிச் சொல்லாத மனுஷன்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவராகவே சொன்னார், கட்டிலின் ஓரத்தில்,
வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்க:
விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், ராக்ன்ஃப்ரித்.
இந்தத் தடவை ஒருவழிச் சீட்டு.

விடிந்ததும் மாரெத்தைக் கூப்பிட்டேன்.
விடிந்ததும் என்பது வழக்கச் சொல்.
நவம்பரில் போன சூரியன் அப்போது திரும்பியிருக்கவில்லை.
அவள் திட்டவில்லை.
படுத்தால் மூச்சு எப்படி, நெஞ்சில் வலியா,
உதடு என்ன நிறம் என்றெல்லாம் கேட்டாள்.
மூன்று நாளைக்கு மாத்திரை இரட்டிப்பு,
இன்றே ரத்தம் கொடுங்கள்,
மூச்சு மோசமானால் எனக்கல்ல, ஆம்புலன்ஸுக்கு.
கடைசியில்,
அடக்கம் மதியம் என்றால்
மாத்திரையைச் சாயங்காலம் போடலாமே, என்றாள்.
இவ்வளவுதானா என்று இவர் ஃபோனைப் பார்த்தார்.

மூன்று நாள்.
இருட்டில் நடைவழி விளக்கு எரியும், அணையும்,
தண்ணீர் இழுக்கிற சத்தம்.
ஒரு படகு காலியாவதைப்போல்
நான் படுத்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் கோட்டையில்
சூரியனுக்குப் பீரங்கி முழங்கிய அன்று
தராசில் நின்றுகொண்டிருந்தார்.
சத்தத்துக்கு முள் ஆடியது என்று
மறுபடி இறங்கி ஏறினார்.

எண்பத்து நாலு புள்ளி ஐந்து, என்றார் உரக்க,
துறைமுகத்துக்கே கேட்கிற மாதிரி.
பிறகு குனிந்து தன் காலைப் பார்த்து,
என்னிடம்:
இதில் மீன் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு?

எழுது, என்றேன்.
நீயே எழுது, என்றார்.